ஆகாரும் பழுப்பு மரமும்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இயற்கைக் காட்சி ஓவியத்தைப் பற்றித் தலித் இதழில் எழுத என்ன இருக்கு என்று தோழர்கள் கேட்கலாம். சோத்துக்கும் சுடுகாட்டுக்கும் சண்டை போட்டுக்கிட்டிருக்கிற நேரத்தில் மரம், மலை, ஆறு வரைந்த சீமான்களின் கதை எதுக்கு? கேள்வி நியாயமானதுதான். ஆனால் ‘அழகு’ என்ற சொல்லை வைத்துத்தான் நம் எழுத்தை அளக்கிறார்கள். ‘கோபம் இருக்கு, கலை இல்லை’ என்று சொல்லிக் கதையைத் திருப்பி அனுப்பியவர்களை நாம் அறிவோம். அந்த அளவுகோலை யார் செய்தார்கள், எந்த மரத்தில் செய்தார்கள், அந்த மரம் யார் நிலத்தில் நின்றது என்று விசாரிக்க நமக்கு உரிமை உண்டு. அதற்கு ஓர் ஆளையும் ஒரு படத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

1

ஆள், சர் ஜார்ஜ் போமாண்ட் (1753-1827). பரம்பரைப் பட்டம் பெற்ற குடும்பம். சிறுவயதிலேயே பட்டமும் சொத்தும் வந்து சேர்ந்தன. ஈட்டன் பள்ளியில் அலெக்சாண்டர் கோசன்ஸ் ஓவியம் கற்றுக்கொடுத்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்ட். கல்யாணம் முடித்து இத்தாலிப் பயணம். 1790 முதல் 1796 வரை நாடாளுமன்ற உறுப்பினர். ஆனால் மனசு முழுக்க ஓவியத்தில். 1779இலிருந்து ராயல் அகாதமியின் கண்காட்சிகளில் படம் வைத்தார். விற்பதற்கு அல்ல. விற்றால் அது தொழில், விற்காவிட்டால்தான் கனவான். ‘அமெச்சூர்’ என்ற சொல்லுக்கு அன்று அந்தப் பொருள் இருந்தது. கையில் வண்ணம் ஒட்டலாம், கூலி ஒட்டக்கூடாது. கைவேலை செய்து கூலி வாங்குகிறவனைக் கீழே வைப்பதற்கு அங்கே சாதி தேவைப்படவில்லை, வர்க்கம் போதுமாயிருந்தது.

கெட்ட மனிதர் என்று சொல்ல வரவில்லை. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்கு 1803இல் நிலம் வாங்கிக் கொடுத்தார். கோல்ரிட்ஜுக்கு உதவினார். இளம் ஓவியர் டேவிட் வில்கியைத் தூக்கிவிட்டார். தன்னிடமிருந்த 16 ஓவியங்களை நாட்டுக்குக் கொடுக்கிறேன், அவற்றை வைக்க அரசாங்கம் ஒரு இடம் ஏற்பாடு செய்யவேண்டும் என்று சொல்லி, லண்டனின் தேசிய ஓவியக்கூடம் 1824இல் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். வள்ளல்தான். ஆனால் வள்ளல்தனம் எங்கேயிருந்து ஊறுகிறது என்று கேட்பது நம் வழக்கம்.

அது நிலக்கரியிலிருந்து ஊறியது. லெஸ்டர்ஷயரில் கோலார்ட்டன் என்ற ஊர் போமாண்ட் குடும்பத்தின் சொத்து. ஊர்ப் பெயரின் முன்பாதியே நிலக்கரியைக் குறிப்பதுதான். அந்த மண்ணில் கரி தோண்டுவது ரொம்பப் பழைய வேலை. 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே திறந்தவெளிச் சுரங்கம் வெட்டியபோது, பூமிக்குள் புதைந்திருந்த பழைய குழிகளின் மரச்சட்டங்கள் வெளிப்பட்டன. மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 15ஆம் நூற்றாண்டு என்று தெரிந்தது. அவ்வளவு தலைமுறை மண்ணுக்குக் கீழே இறங்கி ஏறியிருக்கிறது. போமாண்டுக்குச் சுரங்கம் பற்றித் தெரியாமல் இல்லை. சுரங்கக் கணக்கில் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று தன் பழைய ஏஜென்ட் பௌல்ட்பீ மீது சான்சரி நீதிமன்றத்தில் வழக்கே நடத்தினார். கரியின் பவுன் கணக்கு அவருக்கு அத்துப்படி. அந்தக் கணக்கைப் பார்த்த கண்ணும் ஓவியம் பார்த்த கண்ணும் ஒரே முகத்தில்தான் இருந்தன.

2

இப்போது படம். க்ளோத் லொரேன் 1646இல் தீட்டியது. உயரம் ஏறக்குறைய அரை மீட்டர்தான். போமாண்டுக்கு இந்தப் படத்தின் மேல் உயிர். ஊருக்குப் போகும்போது கோச் வண்டியில் கூடவே எடுத்துப்போவாராம். தேசிய ஓவியக்கூடத்துக்குக் கொடுத்த பிறகும் பிரிந்திருக்க முடியாமல், சாகும்வரை என்கிட்டயே இருக்கட்டும் என்று கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார். இறந்த பிறகு 1828இல்தான் படம் கூடத்துக்கு நிரந்தரமாக வந்தது. இளைஞர் கான்ஸ்டபிள் இந்தப் படத்தைப் போமாண்டிடம் பார்த்துத்தான் நிலக்காட்சி ஓவியம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டார் என்பார்கள். மரத்தின் வளைவு, தண்ணீரின் ஒளி, தூரத்தில் கரையும் நீலம் என்று இந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம்.

படத்தில் முன்பக்கம் சின்னதாக இரண்டு உருவம் இருக்கிறது. ஒரு பெண், ஒரு தேவதூதர். அந்தப் பெண் ஆகார்.

பைபிள் படித்தவர்களுக்குத் தெரியும். ஆகார் எகிப்து தேசத்து அடிமைப் பெண். ஆபிராமின் மனைவி சாராய்க்குப் பிள்ளை இல்லை என்பதால் வாரிசு பெற்றுத்தர அனுப்பப்பட்டவள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்டதாகக் கதையில் இல்லை. கர்ப்பமானதும் எஜமானியின் கொடுமை தாங்க முடியாமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். நீரூற்றுக்குப் பக்கத்தில் தூதர் அவளைச் சந்திக்கிறார். உன் வம்சம் பெருகும் என்கிறார், சரி. ஆனால் அதற்கு முன்னால் சொல்வது என்ன? திரும்பிப் போ, எஜமானிக்கு அடங்கியிரு என்பதைத்தான்.

ஓடிப்போன பண்ணையாளைத் திரும்பப் பண்ணைக்கு அனுப்புகிற காட்சி இது. வயிற்றுப் பிள்ளையோடு ஓடிவந்த ஒரு அடிமைப் பெண்ணின் வாழ்க்கையில் மிகக் கொடிய ஒரு நிமிஷம். அதைத்தான் ஒரு நிலக்கரிப் பண்ணையின் சொந்தக்காரர் வண்டியில் வைத்துத் தாலாட்டிக் கொண்டுபோனார். அவருக்கும், அவருக்குப் பின்னால் வந்த ரசனைக்காரர்கள் பலருக்கும் மரம்தான் தெரிந்தது. ஆகார், மரத்தின் அளவைக் காட்ட வைத்த ஒரு புள்ளி.

அமெரிக்கக் கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் எழுதிய நூலில் ஆகாரைத்தான் மையத்தில் வைத்தார். அடிமைத்தனத்தில் வதைபட்ட கறுப்புப் பெண்களின் கதையை ஆகாரின் கதையாகப் படித்தார். 347 வருஷம் கழித்து அந்தப் பெண்ணை யாரோ கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. பார்ப்பதற்கு ஓர் ஓடுகாலியின் பேத்தி தேவைப்பட்டிருக்கிறாள்.

3

இந்தப் பார்வை போமாண்ட் ஒருவருடையது மட்டும் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அது ஒரு கோட்பாடாகவே வளர்ந்தது. ‘பிக்சரெஸ்க்’ என்று பெயர். படத்துக்கு வாகான நிலம் என்று சொல்லலாம். வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1770இல் வை நதியில் படகுப் பயணம் போய், 1782இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். எந்த நிலம் படமாகும், எது ஆகாது என்று பட்டியல் போட்டார். முன்னால் இருட்டு வேண்டும், ஓரத்தில் ஒரு மரம், நடுவில் நீர், பின்னால் மங்கலான மலை. மாடு வரைந்தால் இரண்டு சேராது, மூன்று என்றால் சேரும் என்கிற அளவுக்கு விதி இருந்தது.

மாட்டுக்கு விதி இருந்தால் மனுஷனுக்கு இருக்காதா? அறநெறிப்படி பார்த்தால் உழைக்கிற தொழிலாளிதான் மேல், ஆனால் படத்துக்கு வேலை இல்லாமல் திரிகிறவன்தான் பொருத்தம் என்று கில்பின் வெளிப்படையாகவே எழுதினார். கவனியுங்கள். அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அறம் வேற, அழகு வேற என்று இரண்டையும் பிரித்து வைக்கிறார். நம் ஊரில் ‘கலையில் அரசியலைக் கலக்காதே’ என்று சொல்கிறவர்களுக்கு இவர் பாட்டன்.

அதே வைப் பயணத்தில் டின்டர்ன் மடாலயத்தின் இடிபாடு வருகிறது. கூரை போய், கொடி படர்ந்து நிற்கும் பெரிய கட்டடம். சுவரின் கூம்பு முனைகள் ரொம்ப ஒழுங்காக இருக்கின்றன, ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தினால் தேவலை என்று கில்பின் யோசனை சொல்கிறார். அந்த இடிபாட்டுக்குள் ஏழைகள் குடிசை போட்டுப் பிச்சையெடுத்து வாழ்ந்தார்கள். நடக்கவே சிரமப்படும் ஒரு கிழவி, துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று அவரைத் தள்ளாடித் தள்ளாடிக் கூட்டிப்போகிறாள். போய்ப் பார்த்தால் அது அவளுடைய இருப்பிடம். ஈரம் வடிகிற ஒரு பொந்து. நூலகம் எதுவும் இல்லை. தன் வறுமையைத்தான் அவள் காட்ட வந்தாள் என்று கில்பினே எழுதுகிறார். மனசு இளகித்தான் எழுதுகிறார். ஆனால் அடுத்த பக்கத்தில் படகு கிளம்பிவிடுகிறது.

எனக்கு அந்தக் கிழவிதான் கில்பினைவிடப் பெரிய விமர்சகர் என்று தோன்றுகிறது. வந்தவன் எதைப் பார்க்க ஆசைப்படுகிறானோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவன் எதைப் பார்க்கவேண்டுமோ அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறாள். நம் தன்வரலாறுகள் செய்வதும் அதைத்தானே? இலக்கியம் என்று கூப்பிட்டு உள்ளே கொண்டுபோய்ச் சேரியைக் காட்டுகிறோம்.

இந்த ரசனைக்கு ஒரு கருவியும் இருந்தது. க்ளோத் கண்ணாடி என்று பெயர். கறுப்புப் பூசிய, லேசாக வளைந்த சின்னக் கண்ணாடி. அதில் பார்த்தால் எந்த நிலமும் க்ளோத்தின் படம் மாதிரி மங்கிச் சுருங்கி அடக்கமாகத் தெரியும். ஆனால் அதில் பார்க்க வேண்டுமானால் நிலத்துக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். கவிஞர் தாமஸ் கிரே 1769இல் ஏரி மாவட்டத்தில் இந்தக் கண்ணாடியைப் பிடித்தபடி நடந்துபோய்ச் சேற்றுச் சந்தில் மல்லாக்க விழுந்தார். விரல்முட்டி மட்டும் சிராய்த்தது. கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலை.

4

இவர்கள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் முதுகுக்குப் பின்னால் நிலத்துக்கு என்ன நடந்தது? வேலியடைப்பு நடந்தது. ஊரார் ஆடுமாடு மேய்த்த, விறகு பொறுக்கிய, கீரை பறித்த புறம்போக்கை நாடாளுமன்றச் சட்டம் போட்டுத் தனிச் சொத்தாக்கினார்கள். 1604 முதல் 1914 வரை 5200க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள், சுமார் 68 லட்சம் ஏக்கர். அதில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலும் 19இன் தொடக்கத்திலும். சட்டம் போட்ட மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நிலக்காரர்கள். நியூன்ஹாம் கோர்ட்னியில் 1760களில் ஹார்கோர்ட் பிரபு, தன் மாளிகையிலிருந்து பார்க்கும்போது காட்சி கெடுகிறது என்று ஒரு கிராமத்தையே பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார். வேலி போட்டு ஒழுங்குபடுத்தியவர்களே, வேலி இல்லாத, ஒழுங்கற்ற, காடாய்க் கிடக்கும் நிலத்தைச் சுவரில் மாட்டி ரசித்தார்கள். அபகரித்தவனுக்கே ஏக்கமும் வந்தது. இதை ரேமண்ட் வில்லியம்ஸ் (1973), ஜான் பாரல் (1980), ஆன் பெர்மிங்ஹாம் (1986) விரிவாக எழுதியிருக்கிறார்கள். மார்க்சியத் தோழர்கள் படித்தவைதான். பாரல் கேட்ட கேள்வி எளிமையானது: ஓவியத்தில் ஏழை எங்கே நிற்கிறான், வெளிச்சத்திலா நிழலிலா?

போமாண்ட் 1804க்கும் 1808க்கும் இடையில் கோலார்ட்டனில் புது மாளிகை கட்டினார். பக்கத்துப் பண்ணை வீட்டில் 1806-07இல் தங்கியிருந்த வேர்ட்ஸ்வொர்த், சீமாட்டிக்காக ஒரு குளிர்காலத் தோட்டத்தைத் திட்டமிட்டுக் கொடுத்தார். எங்கே? பழைய கல்லுடைச்சல் குழியில். கல்லை வெட்டிக் கொடுத்தவர்கள் விட்டுப்போன பள்ளத்தில் என்றும் பசுமையான செடிகளை நட்டார்கள். குழி அப்படியே இருந்தது, அதில் வேலை செய்தவர்களின் அடையாளம்தான் இல்லாமல் போனது. பிக்சரெஸ்க் என்பதை ஒரே இடத்தில் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தத் தோட்டம் போதும்.

போமாண்டின் சொந்தப் படங்களில் இன்றும் பேசப்படுவது, புயலில் நிற்கும் பீல் கோட்டையின் படம். ஓவியத்துக்காக அல்ல, அதைப் பார்த்து வேர்ட்ஸ்வொர்த் ஒரு இரங்கல் கவிதை எழுதியதற்காக. 1805 பிப்ரவரியில் அவர் தம்பி ஜான் தலைமையில் வங்காளத்துக்கும் சீனாவுக்கும் புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் இங்கிலாந்தின் தென்கரை ஓரத்திலேயே மூழ்கியது. 200க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கேப்டனின் சாவு கவிதையாயிற்று. அண்ணன் தம்பிக்காக அழுததில் தப்பில்லை. மற்றவர்களுக்கு எழுதுகிற அண்ணன் இல்லை, அவ்வளவுதான்.

5

ரசனை என்பது அதிகாரமாக வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பிரபலமான பிடில் கதைக்கு வரவேண்டும். 1823இல் கான்ஸ்டபிள் கோலார்ட்டனில் வாரக்கணக்கில் விருந்தாளி. நல்ல நிலக்காட்சி பழைய பிடிலின் பழுப்பு நிறத்தில் இருக்கவேண்டும் என்பது போமாண்டின் கட்சி. கான்ஸ்டபிள் வாதாடவில்லை. ஒரு பழைய பிடிலை எடுத்துப்போய்ப் புல்தரையில் வைத்தார். புல் பச்சையா பழுப்பா, நீங்களே பாருங்க என்று அர்த்தம். படத்தில் பழுப்பு மரத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது கஷ்டமாக இல்லையா என்று போமாண்ட் கேட்டபோது, அந்த மாதிரி மரத்தை நான் வைப்பதே இல்லை என்றாராம்.

பழுப்புக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய ஓவியங்களின் மேல் பூசிய வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகிக் கறுக்கும். க்ளோத் வரைந்த நாளில் இருந்த நிறம் அது இல்லை. நாள்பட்ட கறையையே மூலநிறமாக எடுத்துக்கொண்டு, அது இல்லாத புதுப் படங்களைக் குறை சொன்னார்கள். மரபு, மரபு என்று நம்மிடம் காட்டப்படுவதில் எவ்வளவு மூலநிறம், எவ்வளவு வார்னிஷ்?

கான்ஸ்டபிள் மில் முதலாளியின் மகன், விருந்தாளியாகச் சிரித்துப் பேச முடிந்தது. டர்னர் கதை வேற. லண்டன் மெய்டன் சந்தில் முடிவெட்டியவரின் மகன். டர்னரின் வெள்ளை வெளிச்சத்தைப் போமாண்ட் போகிற இடமெல்லாம் ஏசினார். அவர் சொல் சும்மா சொல் இல்லை, வாங்குகிறவர்கள் அவர் வாயைப் பார்த்திருந்தார்கள். டர்னர் வழியில் போன கால்கட் என்ற ஓவியர் 1813இல் கண்காட்சிக்குப் படமே அனுப்பவில்லை. போமாண்டின் பேச்சுதான் காரணம் என்று அவர் சொன்னதை ஃபாரிங்டன் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். தோட்டமும் சுரங்கமும் வைத்திருப்பவர் ‘எனக்குப் பிடிக்கலை’ என்றால் கூலிக்கு வரைகிறவனுக்கு அடுப்பு எரியாது.

இதனால் டர்னரை நம் ஆள் என்று தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. அடிமைகள் கடலில் எறியப்படுவதை 1840இல் வரைந்த அதே கை, 1805இல் ஜமைக்காவில் அடிமை உழைப்பில் நடந்த ஒரு கால்நடைப் பண்ணையில் 100 பவுன் முதலீடு செய்திருக்கிறது. போமாண்டின் கொடையோடு சேர்ந்து தேசிய ஓவியக்கூடத்தின் அஸ்திவாரமான ஆங்கர்ஸ்டைன் தொகுப்பும் (38 படங்கள், 57,000 பவுன்) கப்பல் காப்பீட்டில் பணம் சேர்த்தவருடையது. கிரெனடாவின் அடிமைத் தோட்டங்களோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. கீழே பிறந்ததால் மட்டும் பார்வை சுத்தமாகிவிடாது. இதை நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

6

அந்தக் கண்ணாடி நம் ஊருக்கும் வந்தது. தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-93இல் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார்கள். அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப் படங்களில் பாபநாசம் அருவியும் ஒன்று. பாறை, நுரை, ஓரத்தில் மரம், கீழே குட்டியாய் மனித உருவங்கள். வை நதியில் செய்த சட்டத்தை அப்படியே தாமிரபரணியில் மாட்டியிருக்கிறார்கள். பல்லக்கிலும் குதிரையிலும் வந்த ஓவியர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. பல்லக்கைத் தோளில் சுமந்து அந்த மலையடிவாரம் வரை கொண்டுவந்தவர்களின் பெயர் தெரியாது. நம் காலண்டர்களும் சினிமாவும் காட்டும் ‘அழகிய கிராமம்’ எந்தச் சட்டத்துக்குள் அடைபட்டது என்று யோசிக்க இது ஒரு தொடக்கம். ஊர் படத்துக்குள் வரும், சேரி வராது.

அப்படியானால் இந்தப் படங்களை எரித்துவிடலாமா? அப்படிச் சொல்கிற தோழர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. எரித்தால் ஆகாரும் சேர்ந்து எரிவாள். கலை கலைதான், அதைத் தொடாதே என்கிற பண்டிதர்களோடும் உடன்பாடில்லை. அவர்கள் பேச்சைக் கேட்டால் அவள் இன்னும் 300 வருஷம் புள்ளியாகவே இருப்பாள்.

போமாண்ட் இறந்த மறு வருஷம், 1828இல், கான்ஸ்டபிள் டெடம் பள்ளத்தாக்கைப் பெரிதாக வரைந்தார். ஆகார் படத்தின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, தன்னை வளர்த்தவருக்குச் செய்த அஞ்சலி என்று சொல்வார்கள். ஓரத்தில் அதே மாதிரி மரம், நடுவில் ஆறு, தூரத்தில் கோபுரம். ஆகார் இருந்த முன்பக்கத்தில் இப்போது ஒரு நாடோடிப் பெண். பக்கத்தில் நெருப்பு, கையில் குழந்தை. இங்கிலாந்தில் வீடு வாசலின்றித் திரிகிறவர்களையும் வெட்டவெளியில் படுக்கிறவர்களையும் தண்டிக்கும் சட்டம் 1824இல் வந்தது. நான்கு வருஷம் கழித்து அந்தச் சட்டத்துக்குப் பயந்து வாழவேண்டிய ஒருத்தி படத்தின் மூலையில் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். கான்ஸ்டபிள் யோசித்து வைத்தாரா, அழகுக்கு வைத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அவள் அங்கே இருக்கிறாள். நிலக்காட்சி ஓவியம் எவ்வளவு தள்ளினாலும் அவளை முழுசாக வெளியே தள்ள முடியவில்லை.

ஆகாரின் கதையில் க்ளோத் வரையாத ஒரு பகுதி உண்டு. தூதரிடம் பேசி முடித்ததும் அவள் கடவுளுக்கே ஒரு பெயர் வைக்கிறாள். தன்னைப் பார்த்தவர் என்று பொருள்படும் பெயர். எஜமானனும் எஜமானியும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத ஒரு அடிமைப் பெண், தன்னைப் பார்த்தது யார், பார்க்காதது யார் என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் அந்த இடத்தைவிட்டு எழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த மரமும் ஆறும் மலையும் எப்படித் தெரிந்திருக்கும்? அந்தப் பக்கத்திலிருந்து எழுதுவதும் வரைவதும்தான் நம் வேலை. அதில் அழகு இருக்கிறதா என்று அளக்க வருகிறவர்கள், முதலில் தங்கள் பிடிலைப் புல்லின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு வரட்டும்.